உண்ணிக் காய்ச்சலும் என் நாத்தனாரும்

உண்ணிக் காய்ச்சல் என்று ஒன்று இருப்பது நாற்பத்து நாலு வயதுவரை எனக்குத் தெரியாது. மாட்டு உண்ணி தெரியும், நாய் உண்ணி தெரியும். கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சி புல்லுக்குள் இருந்து ஆளைக் கடித்து, பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துப் படுக்கையில் தள்ளும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். இப்போது எங்கள் ஊரில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் என்னிடம் கேட்க வருகிறார்கள். நானும் சொல்கிறேன். சொல்லும்போதெல்லாம் ஒரு பகுதியை மட்டும் விட்டுவிடுகிறேன் என்பதைச் சில நாளாகக் கவனித்து வருகிறேன். அதையும் சேர்த்து ஒரு தடவை முழுசாக எழுதிவிட வேண்டும்.

எங்கள் வீடு உடையார்பாளையத்துக்குப் பக்கத்தில். நான் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். என் வீட்டுக்காரர் சவரிமுத்து, சுரங்கத்திலிருந்து சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் லாரி ஓட்டுகிறார். ஒரே மகள் பிரின்சி, பிளஸ் டூ படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோவிலில் சின்னப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, அதாவது வேதபாடம், நடத்துவது என் பொறுப்பு. வீட்டில் தினமும் சாப்பாட்டுக்கு முன் ஜெபமாலை சொல்லி முடித்ததும், அன்றைக்கு ஆண்டவருக்கு எதற்காக நன்றி என்று ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் கொண்டுவந்த பழக்கம்தான். அவர் எப்போதும் லாரி டயர் பஞ்சராகாததற்கு நன்றி சொல்வார். பிரின்சி பசியில் வாயில் வந்ததைச் சொல்லித் தட்டை இழுப்பாள். எங்கள் வீடு சந்தோஷமான வீடு, நன்றியுள்ள வீடு என்று எனக்கு ஒரு பெருமை இருந்தது.

அந்தப் பெருமைக்குள் ஒரு ஓட்டையும் இருந்தது. அவருடைய தங்கை லூர்து. இரண்டு வருடமாக அவள் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை, நானும் கூப்பிடவில்லை.

லூர்து கல்யாணமாகிப் பெரம்பலூருக்குப் போனவள். அங்கே ஒரு சபையில் சேர்ந்துவிட்டாள். தோட்டைக் கழற்றினாள், பொட்டை விட்டாள், மாதா படத்தைச் சுவரிலிருந்து இறக்கினாள். அதுவரை பொறுத்துக்கொண்டேன். என் மாமியார் இறந்தபோது, நாங்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த கூடத்துக்குள் தன் பாஸ்டரைக் கூட்டிவந்து, அவர் ஜெபம் பண்ணட்டும் என்று கேட்டாள். அவளைப் பெற்ற தாய்தான் அங்கே கிடந்தது. அது எனக்கு அந்த நேரம் தோன்றவில்லை. ஊரே பார்க்க, "இது உன் வூடு இல்ல, உன் சபைய ரோட்டுல வச்சுக்க" என்று சொன்னேன்.  அடக்கம் முடிந்ததும் அவள் பஸ் ஏறிப் போய்விட்டாள். நான் விசுவாசத்தைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

போன டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, கிறிஸ்துமஸ் குடில் கட்டப் புல்லும் சுள்ளியும் எடுக்கச் சொந்தக்காரர் ஒருவரின் முந்திரித் தோப்புக்குப் போனோம். என் வீட்டுக்காரருக்கு அன்று லீவு. சருகின் மேல் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம். பிரின்சி இரண்டு கட்டுப் புல்லைத் தலையில் வைத்து நடந்து காட்டிச் சரித்துவிட்டாள். மூன்று பேரும் சேர்ந்து அவ்வளவு சிரித்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. அன்றைக்கு என் நன்றி அந்தச் சிரிப்புக்குத்தான்.

கிறிஸ்துமஸ் பூசையிலேயே தலை வலித்தது. மறுநாள் காய்ச்சல். மாத்திரை போட்டால் இறங்கும், நாலு மணி நேரத்தில் ஏறும். பக்கத்து டவுனில் ஒரு கிளினிக்கில் காட்டினோம். டைபாய்டாக இருக்கலாம் என்று ஊசி போட்டு, இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். டெங்கு டெஸ்ட் எடுத்தார்கள், இல்லை என்று வந்தது. ஆறாம் நாள் உடம்பு முறித்துப் போட்டதுபோல ஆகிவிட்டது. ஏழாம் நாள் காலை கழிவறையிலிருந்து கட்டிலுக்கு வருவதற்குள் மூச்சு வாங்கியது. அவர் அன்றைக்கு லாரி எடுக்கவில்லை. கார் பிடித்து, அரியலூர் தாண்டிப் பெரம்பலூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழியெல்லாம் என் கையைப் பிடித்திருந்தார். நாங்கள் அப்படிக் கையைப் பிடித்துக்கொள்ளும் ஜோடி இல்லை. அதனால்தான் எனக்குப் பயம் வந்தது.

விரலில் கிளிப் மாதிரி ஒன்றை மாட்டினார்கள். ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு இருக்கிறது என்று அது காட்டும். நல்ல ஆளுக்குத் தொண்ணூற்று ஐந்துக்கு மேல் இருக்க வேண்டுமாம். எனக்கு எண்பத்தெட்டு. நெஞ்சு எக்ஸ்ரேயில் நுரையீரல் கறுப்பாகத் தெரிய வேண்டிய இடத்தில் வெள்ளை படர்ந்திருந்தது. அது நீரும் கிருமியும் என்றார்கள். பிளேட்லெட், அதாவது ரத்தத்தை உறைய வைக்கும் அணுக்கள், பாதிக்குக் கீழே போயிருந்தன. கல்லீரலும் வீங்கியிருந்தது. இவ்வளவும் தெரிந்தது, எதனால் என்பது மட்டும் தெரியவில்லை.

மகப்பேறு தவிர ஆஸ்பத்திரியில் படுத்தறியாதவள் நான். பெயர் கூப்பிடும்வரை ஸ்கேன் அறை வாசலில் தள்ளுவண்டியில் கிடந்தேன். போகிற வருகிற எல்லோரும் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே வேறு பக்கம் திரும்பினார்கள். ஜெபமாலை கையில்தான் இருந்தது. விரல் இரண்டு மணியைத் தாண்டி நகரவில்லை. எந்த மணியில் இருக்கிறேன் என்றே மறந்துவிடும். மறைக்கல்விப் பிள்ளைகளிடம், கஷ்டத்திலும் நன்றி சொல்லணும் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். அங்கே கிடந்தபோது எனக்குள் வந்தது ஒரே கேள்வி. பாலன் இயேசுவுக்குக் குடில் கட்டிய கையோடு எனக்கு ஏன் இது?

வார்டு டாக்டர் இளவயதுப் பெண். பொறுமையாகக் கேட்டார். காடு, வயல் பக்கம் ஏதாவது போனீர்களா என்றார். இல்லை, நான் அங்கன்வாடி டீச்சர் என்றேன். பொய் சொல்லவில்லை. காடு வயல் என்றால் எனக்குக் கூலி வேலையும் கதிர் அறுப்பும்தான் நினைவுக்கு வந்தன. குடிலுக்குப் புல் எடுத்தது எனக்குக் கோவில் வேலை. கையையும் காலையும் கழுத்தையும் பார்த்தார். நைட்டியைத் தளர்த்தச் சொன்னபோது பக்கத்தில் ஆண் ஊழியர் ஒருவர் நின்றதால் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அதோடு விட்டுவிட்டார்.

பெண்கள் வார்டில் கூட இருக்க ஒரு பெண்ணைத்தான் விடுவார்கள். என் அம்மா இல்லை. தங்கை கோயம்புத்தூரில் கைக்குழந்தையோடு இருக்கிறாள். பிரின்சிக்குச் செய்முறைத் தேர்வு நெருங்கியிருந்தது. முதல் நாள் அவளே இருந்தாள். நான் மூச்சுக்குத் திணறுவதைப் பார்த்துப் பார்த்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் காலை கண்ணைத் திறந்தபோது ஸ்டூலில் லூர்து உட்கார்ந்திருந்தாள். வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையில் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். அண்ணன் கூப்பிட்டார் என்று மட்டும் சொன்னாள். முகமூடி வழியாக ஆக்ஸிஜன் போய்க்கொண்டிருந்தது. அதனால் பேச வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. அதற்காக மட்டும் நன்றியாக இருந்தேன்.

அன்று அவள் கட்டில் ஓரம் முழங்காலிட்டு ஜெபம் பண்ணினாள். மனதுக்குள் இல்லை, வாய்விட்டு. வார்டே திரும்பிப் பார்த்தது. "அறிக்கை பண்ணாத பாவம் ஏதும் இருந்தா வெளிச்சத்துக்குக் கொண்டு வாங்க ஆண்டவரே" என்று கேட்டாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. படுக்கையில் கிடப்பவளைக் குத்திக் காட்டுகிறாள் என்று நினைத்தேன். முகமூடியைக் கழற்ற முடிந்திருந்தால் அந்த இடத்திலேயே இன்னொரு சண்டை நடந்திருக்கும்.

பக்கத்துக் கட்டிலில் லப்பைக்குடிக்காட்டிலிருந்து வந்த சபுரா பீவி. அறுபது வயதிருக்கும். இதயம் பலவீனமாகி, காலிரண்டும் நீர் வைத்து வீங்கியிருந்தன. மகன் வளைகுடாவில். மருமகள் நூர்ஜஹான் கூட இருந்தாள். லூர்துவின் ஜெபம் முடிந்ததும் அந்த அம்மா மெதுவாகத் திரும்பி, "எனக்கும் சேத்து ஒரு துஆ கேளும்மா. என் புள்ள வந்து சேர்ற வரைக்கும் இருந்தா போதும்" என்றார். லூர்து எழுந்துபோய் அவர் காலைத் தடவிக்கொண்டே கேட்டாள். இந்தத் தடவை பாவத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மயக்கமும் விழிப்புமாக இரண்டு நாள் போனது. ஒரு விஷயம் மட்டும் தெளிவாக நினைவிருக்கிறது. கை தளர்ந்து ஜெபமாலை கீழே விழும். கண்ணைத் திறக்க முடியாமல் கிடப்பேன். யாரோ அதை எடுத்துத் துடைத்து, மறுபடி என் விரலுக்குள் வைத்து மூடுவார்கள். நர்ஸ் என்றுதான் நினைத்தேன். ஒருமுறை கண்ணைத் திறந்தபோது பார்த்தேன், லூர்து. மணியும் சிலுவையும் கூடாது என்று சொல்லித் தன் வீட்டிலிருந்ததை எல்லாம் எடுத்துக் கொடுத்தவள். நான் பார்த்ததை அவள் கவனிக்கவில்லை.

மூன்றாம் நாள் மூச்சு இன்னும் மோசமானது. குழாய் போட்டு மெஷின் வைக்க வேண்டி வரலாம், கையெழுத்துப் போடத் தயாராக இருங்கள் என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். வார்டு வாசலில் அவர் நிற்பதைக் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அழுதிருந்தார் என்று தெரிந்தது. நான் செத்துப்போவேன் என்று அப்போதுதான் முதல் தடவையாக முழுசாக நினைத்தேன். பிரின்சியின் தலைமுடியை யார் பின்னுவார்கள் என்று யோசித்தேன். பதினேழு வயதுப் பெண், அவளே பின்னிக்கொள்கிறாள். ஆனாலும் அதைத்தான் யோசித்தேன்.

அன்று பத்து மணி வாக்கில் காய்ச்சலை இறக்க உடம்பைத் துடைத்துவிடச் சொன்னார் நர்ஸ். லூர்து திரையை இழுத்துவிட்டாள். வெதுவெதுப்பான தண்ணீரில் துணியைப் பிழிந்து முகம், கழுத்து, கை என்று துடைத்தாள். நைட்டியின் பொத்தானில் கை வைத்தபோது நான் தலையை ஆட்டினேன்.

"பொம்பளைக்கு முன்னாடி என்ன அண்ணி வெக்கம்" என்றாள். "அம்மாவுக்கு நீங்கதான எல்லாம் செஞ்சீங்க. எனக்குத் தெரியும்."

மாமியார் படுத்திருந்த ஏழு மாதத்தைச் சொன்னாள். அதை அவள் தெரிந்து வைத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியாது. கையைத் தளர்த்தினேன். இடது மார்புக்குக் கீழே, மடிப்பைத் தூக்கித் துடைக்கும்போது நிறுத்திவிட்டாள்.

"இது என்ன அண்ணி? சூடு கீடு பட்டுச்சா?"

நான் இல்லை என்று தலையாட்டினேன். வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. பீடியால் சுட்டதுபோல வட்டமாக, கறுப்பாக, சுற்றிலும் சிவந்த ஓரத்தோடு ஒரு பொருக்கு இருக்கிறது என்றாள். கைத்துணியைப் போட்டுவிட்டு ஓடினாள். ஒரு நிமிடத்தில் நர்ஸ் வந்தார், அடுத்து டாக்டர் வந்தார். குனிந்து பார்த்தவர் நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"புல்லு, புதர் பக்கம் போனாங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்று லூர்துவைக் கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை.

வாசலிலிருந்து என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். முந்திரித் தோப்பு, குடில், சருகின் மேல் உட்கார்ந்தது எல்லாம் அவர் சொன்னார். டாக்டர் பிறகு எனக்கு விளக்கினார். புல்லில் இருக்கும் ஒரு சின்னப் பூச்சியின் குஞ்சு கடித்தால் அந்த இடத்தில் இப்படிப் பொருக்குத் தட்டும். வலிக்காததால் ஆளுக்கே தெரியாது. அக்குள், இடுப்பு, மார்பின் மடிப்பு என்று மறைவான இடமாகப் பார்த்துக் கடிக்கும். அதன் வழியாக நுழையும் கிருமி ரத்தக் குழாய்களைப் புண்ணாக்கி, நுரையீரலிலும் கல்லீரலிலும் வேலையைக் காட்டும். சாதாரணக் காய்ச்சல் மருந்துகள் அதைத் தொடாது. தொடுகிற மருந்து டாக்ஸிசைக்ளின், எல்லாக் கடையிலும் கிடைக்கும் பழைய மருந்து. ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் அந்த நிமிடமே தொடங்கினார்கள்.

பத்து நாள் காய்ச்சல், மருந்து தொடங்கிய இரண்டாவது நாள் விடியலில் விட்டுவிட்டது. போர்வை நனைந்து வேர்த்தது. ஆக்ஸிஜன் தொண்ணூற்று மூன்று, தொண்ணூற்று நாலு என்று ஏறியது. மெஷின் பேச்சு நின்றது. அதற்கு அடுத்த நாள் மதியம் எனக்குப் பசித்தது. பசி என்றால் என்ன என்பதே மறந்திருந்த உடம்பில் அது எழுந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. லூர்து இட்லியைச் சாம்பாரில் பிசைந்து ஊட்டினாள். உப்பும் புளியும் நாக்கில் பட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆண்டவரே என்றேன். அந்த வாரத்தில் நான் சொன்ன முதல் உண்மையான ஜெபம் அதுதான்.

மூன்றாம் வாய் வாயில் இருக்கும்போது சபுரா பீவியின் கட்டில் பக்கத்துக் கருவியில் அபாய மணி அடித்தது. நர்ஸுகள் ஓடிவந்தார்கள். திரையை இழுத்தார்கள். நூர்ஜஹானை வெளியே நிறுத்தினார்கள். கால் மணி நேரத்துக்குமேல் அந்தத் திரை அசைந்துகொண்டே இருந்தது. பிறகு அசையவில்லை. மகன் அன்று மாலை திருச்சியில் வந்து இறங்குவதாக இருந்தது.

வாயிலிருந்த இட்லியை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அதைவிடக் கேவலம், எனக்கு இன்னும் பசித்தது. அவருக்காகவும்தானே லூர்து கேட்டாள், அதே வாயால், அதே நாளில். என்னை எழுப்பிவிட்ட ஆண்டவர் அவரை ஏன் விட்டுவிட்டார்? அந்தக் கேள்விக்கு மறைக்கல்விப் புத்தகத்தில் பதில் இருக்கலாம். எனக்கு நினைவு வரவில்லை.

"முழுங்குங்க அண்ணி" என்று சொல்லிவிட்டு லூர்து எழுந்துபோனாள். நூர்ஜஹான் பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். வாய்விட்டு ஜெபம் பண்ணுவாள் என்று எதிர்பார்த்தேன். பண்ணவில்லை. தட்டு, டம்ளர், பிளாஸ்க், செருப்பு என்று அவர்கள் சாமானை ஒவ்வொன்றாகப் பையில் எடுத்து வைத்தாள். வண்டி வந்ததும் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை கூடவே போனாள்.

மறுநாள் என்னை ஆக்ஸிஜன் வேண்டாதவர்கள் இருக்கும் வார்டுக்கு மாற்றினார்கள். லூர்து என் சிக்குத் தலையை வாரிக்கொண்டிருந்தாள். முகம் பார்க்காமல் இருந்ததால் சொல்ல முடிந்தது.

"அம்மா செத்தன்னிக்கு நான் அப்படிச் சொல்லிருக்கக் கூடாது, லூர்து."

சீப்பு நின்றது. பரவாயில்லை அண்ணி, அதை விடுங்க என்பாள் என்று நினைத்தேன்.

"ஆமா, சொல்லிருக்கக் கூடாது" என்றாள். "எங்கம்மாவுக்கு நான் ஒரு வார்த்தை ஜெபம் பண்ணல. இன்னிக்கு வரைக்கும் அது எனக்கு ஆறல."

 சீப்பு மறுபடி நகர்ந்தது. சிக்கு இருந்த இடத்தில் வலிக்காமல் வேரைப் பிடித்துக்கொண்டு வாரினாள்.

ஆஸ்பத்திரியில் சேர்ந்த பதினொன்றாம் நாள் வீட்டுக்கு வந்தேன். ஆஸ்பத்திரிப் பில்லைப் பற்றி அவர் இதுவரை என்னிடம் வாய் திறக்கவில்லை. எனக்கும் கேட்கத் தைரியம் வரவில்லை. உடம்பு சீக்கிரம் தேறிவிடும் என்று நினைத்தேன், தேறவில்லை. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. அங்கன்வாடிப் பிள்ளையைத் தூக்கினால் மூச்சு வாங்குகிறது. பிரின்சிக்கு உடம்பு கொஞ்சம் சுட்டாலும் சட்டையைத் தூக்கிப் பார்க்கிறேன், அவள் கோபித்துக்கொள்கிறாள்.

கோவிலில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார் ஃபாதர். ஆண்டவர் என்னைக் காப்பாற்றினார் என்று தொடங்கினேன். சபுரா பீவியின் கால் கண்ணில் வந்து நின்றுவிட்டது. அதற்கு மேல் சொல்ல முடியவில்லை. காய்ச்சல் வந்தால் உடம்பில் பொருக்கு இருக்கிறதா பாருங்கள், கூச்சப்படாமல் டாக்டரிடம் காட்டுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.  என் நன்றி அவ்வளவு சுத்தமானது இல்லை இப்போது. பயமும் வெட்கமும் அதில் கலந்திருக்கின்றன. ஆனால் முன்பு லேசாக வாயில் வந்ததைவிட இது கனமாக இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நானே போன் பண்ணி லூர்துவைச் சாப்பிடக் கூப்பிட்டேன். வருவாள் என்று நிச்சயம் இல்லை. சபை முடிந்து பஸ் பிடித்து ஒன்றரை மணிக்கு வந்துவிட்டாள். வாசலில் கொஞ்சம் நின்றாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு நேராகக் கூடத்துக்குள் போய், அவள் அம்மாவைக் கிடத்தியிருந்த இடத்தில் நின்றாள். நான் அடுக்களையில் இருந்துகொண்டேன். அங்கே அவள் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. திரும்பி வர வெகுநேரம் ஆனது. முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

கோழிக்குழம்பு, ரசம், அப்பளம். சாப்பாட்டுக்கு முன்னால் நீயே ஜெபம் பண்ணு என்றேன். பண்ணினாள். அரியலூரையும் பெரம்பலூரையும் ஜெயங்கொண்டத்தையும் ஆசீர்வதித்தாள். டிப்பர் ஓட்டுகிற எல்லோரையும், பரீட்சை எழுதுகிற எல்லோரையும், வார்டில் கிடக்கிற ஒவ்வொருவரையும் ஆண்டவர் கையில் கொடுத்தாள். சத்தம் தெருவுக்குக் கேட்டிருக்கும். பிரின்சி ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். என் வீட்டுக்காரர் சத்தமில்லாமல் ஒரு அப்பளத்தை உடைத்தார். நான் ஆமென் வரும்வரை காத்திருந்து சிலுவை போட்டுக்கொண்டேன். சோறு ஆறிவிட்டது. 

"ரசம் இன்னும் கொஞ்சம் ஊத்துங்க அண்ணி" என்றாள் லூர்து.

பிரின்சி எழப்போனாள். அவளை உட்காரச் சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நானே எழுந்து போய்ச் சட்டியை எடுத்துவந்து ஊற்றினேன்.